அப்புவுக்கு வந்த சாமி

வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த கூலி ஆட்களைக் கண்டால், தொரை பங்களாவில் ஆக்கிப் பரிமாறும் அப்பு பொன்னையாவுக்கு அப்படியோர் இளக்காரம். அவனும் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் வெள்ளைக் கோட்டு மாட்டித் தொரைக்குச் சூப் பரிமாறப் பழகிய பிறகு, சொந்த அண்ணன் வீட்டில்கூடத் தேத்தண்ணி குடிக்கமாட்டான். "கோப்பையக் கழுவுறாங்களோ இல்லையோ" என்பான். லயத்து மண்ணுச் சாமி முனியாண்டிக்குச் சேவல் அறுக்கிற நாளில் பின்கதவைச் சாத்திக்கொண்டு முள்ளுக்கரண்டி துடைத்துக்கொண்டிருப்பான்.

அந்த வருடம் லயங்களுக்குப் பின்னால் ஆட்கள் கிழங்கும் முட்டைக்கோவாவும் போட்டு வந்த துண்டு நிலத்தை, தேயிலைக் கன்று வைக்கவேண்டும் என்று தொரை எடுத்துக்கொண்டார். சங்கத் தலைவர்மார் போய் நின்று கேட்டும் நடக்கவில்லை. "சரியான வேலை. அவங்க ஆடு வந்து நம்ம ரோசாவத் தின்னுச்சில்ல" என்று பொன்னையா குசினி அடுப்படியில் சொன்னான்.

மாசிப் பனி விலகிப் பூச்செடி நடுகிற காலம் வந்தது. முந்தின வருடங்களில் தொரசாணியின் டேலியாக்கள் மொட்டிலேயே கருகிப் போயிருந்தன. சீமையில் அவளுடைய ஊரில், கிறிஸ்தவ வேதம் வருவதற்கு முன்பிருந்தே, நடுகைக்கு முன்னால் மரத்தடியில் மதுவை ஊற்றி மண்ணுக்குப் பாட்டுப் பாடுவார்களாம். பாதிரிமார் ஏசி ஏசி அதை ஒழித்துவிட்டார்களாம். இங்கேதான் மண்ணுக்கு ஒரு சாமி இன்னும் இருக்கிறதே, கூப்பிட்டால் என்ன என்று கேட்டாள்.

பொன்னையாவுக்கு மானம் போனது போலிருந்தது. "அது லயத்துச் சாமிங்கம்மா. சாராயம் கேக்கும். நம்ம பங்களாவுக்குச் சரிப்படாதுங்க."

"சாராயம் நானும்தானே கேக்குறேன்" என்று தொரை சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லயத்துக் கோயில் பூசாரி மாயாண்டி வந்தான். பங்களாத் தோட்டத்துச் சவுக்கு மரத்தடியில் மூன்று கல்லை நட்டு, குங்குமம் வைத்து, சேவலையும் சாராயத்தையும் சுருட்டையும் முன்னால் வைத்தான். வேடிக்கை பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துத் தொரைமாரும் அவர்கள் சம்சாரங்களும் வந்திருந்தார்கள். வேலிக்கு அப்பால் லயத்துச் சனம் நின்றது.

தப்பு மேளம் முழங்கியது. மாயாண்டி ஆடினான். வேர்த்துக் கொட்டியதே தவிரச் சாமி வரவில்லை. வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததில் அவனுக்குக் கூச்சமோ என்னவோ. விருந்தாளிப் பெண்ணொருத்தி கொட்டாவி விட்டாள். கிளாசுத் தட்டை ஏந்தி நின்ற பொன்னையாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அப்போது கிளாசுகள் கலகலவென்று மோதிக்கொண்டன. யாருடைய தட்டு இப்படி ஆடுகிறது என்று பொன்னையா எரிச்சலோடு திரும்பினான். ஆடியது அவன் கை. தட்டு விழுந்தது. தலைப்பாகை எங்கோ போயிற்று.

"யார்றா அது, என் மண்ணுல சப்பாத்தோட நிக்கிறது?"

குரல் பொன்னையாவுடையது இல்லை. மாயாண்டி தடாலென்று காலில் விழுந்தான். விழுந்ததில் பாதி பக்தி, மீதி நிம்மதி. "கழட்டிருங்க தொரை, சாமி கோவக்காரரு" என்றான். தொரசாணி கண் விரியக் கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். தொரை புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையின் ஓட்டை வழியே பெருவிரல் எட்டிப் பார்த்தது.

சாமி போய்த் தொரையின் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது. சாராயத்தை வாயில் விட்டுத் துப்பியது. "இது எவனுக்கு வேணும்? அலுமாரியில, விருந்தாளி கண்ணுல படாம பின்னால ஒளிச்சு வச்சிருக்கியே, அதக் கொண்டா."

பக்கத்துத் தொரைமார் தங்கள் கையிலிருந்த கிளாசை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். ஒளித்து வைத்த போத்தல் வந்தது. சுருட்டைத் தொரையே பற்ற வைத்தார்.

"எதுக்குக் கூப்பிட்டீக?"

"இந்த மண்ணு செழிக்கணும் சாமி" என்றான் மாயாண்டி.

"இந்த மண்ணு மட்டும் என்ன ஒசத்தி? லயத்துக்குப் பின்னால கெடக்குறதும் என் மண்ணுதான். அங்க மம்பட்டி எறங்கக் கூடாதுன்னு சொன்னவன் இங்க என்னத்தக் கேக்குறான்? அதத் தெறந்து விடச் சொல்லு. இதுவும் பூக்கும்."

தப்பு நின்றுவிட்டது. சாமியின் பேச்சு முழுதும் பிடிபடாத தொரசாணிக்கு, தமிழ் நன்றாகத் தெரிந்த விருந்தாளி ஒருவர் மொழிபெயர்த்தார். கேட்டவுடன் அவள், கொடுத்துவிடுங்கள் என்றாள். வெறுங்காலோடு நின்ற தொரை வேலியைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார். "சரி" என்றார்.

மயக்கம் தெளிந்து எழுந்த பொன்னையா முதலில் தேடியது வெள்ளித் தட்டை. ஒன்றும் நினைவில்லை என்று எல்லாரிடமும் சொன்னான். அது முழுக்க உண்மையில்லை. அந்த நாற்காலி முதுகுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பது நன்றாகவே நினைவிருந்தது. லயத்து நிலத்துப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. அவனைக் கேட்டிருந்தால் கொடுக்க வேண்டாம் என்றல்லவா சொல்லியிருப்பான்.

லயத்தார் அந்த வாரமே மண்ணைக் கொத்திக் கிழங்கு போட்டார்கள். மழையும் வந்தது. டேலியாக்கள் சோற்றுத்தட்டு அகலத்துக்குப் பூத்தன. கேடு அங்கேதான் பிடித்தது. பூக்காமல் போயிருந்தால் பொன்னையா வெறும் அப்புவாகவே இருந்திருப்பான். இப்போது அவன் சூப்போடு உள்ளே வந்தால் தொரசாணி மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டாள். கரண்டி ஒன்று கீழே விழுந்தால்கூட அவன் முகத்தைப் பயத்தோடு பார்த்தாள். கடைசியில் தலவாக்கலையிலிருந்து புது அப்பு வந்தான். பொன்னையாவுக்குக் கோயில் பூசாரி வேலையும், லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவும் கிடைத்தன. மாயாண்டியைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் பொன்னையாவோடு பேசுவதில்லை.

லயத்தார் பொன்னையாவைத் தரையில் விடவில்லை. மம்பட்டியைத் தொட்டால் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். அவனுக்கென்று புதுக் கோப்பை வாங்கி, சாம்பல் போட்டு விளக்கி, தேத்தண்ணி கொடுத்தார்கள். எதிரே வந்தால் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். இரண்டு வார்த்தை வம்பு பேச ஆளில்லாமல் பொன்னையா இளைத்துப் போனான்.

ஒருநாள் துணிந்து பங்களாவுக்கு ஏறினான். பழைய வேலையைக் கொடுங்கள், சட்டி கழுவினாலும் சரி என்று சொல்ல நினைத்திருந்தான். விறாந்தையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தொரை, அவனைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க. என்ன வேணும், சொல்லுங்க."

அதட்டுவதற்கென்றே தமிழ் படித்தவர் அவர். அந்த வாயில் இப்படியொரு சொல்லைத் தோட்டத்தில் எவனும் கேட்டதில்லை. பொன்னையா வந்த படியிலேயே ஓர் எட்டுப் பின்வாங்கினான்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கீழே லயத்து வாசலில் அவன் மனைவி நாகலெட்சுமி கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாரு?" என்றாள்.

"வாங்கன்னாரு."

"நல்லதுதானே."

"இனிமே அந்த வேலை கெடைக்காது, புள்ள" என்று சொல்லிவிட்டு, பொன்னையா அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டான்.