ஒரு குழாய் பாக்கி

சந்தோஷப்படக் கூடாத விஷயத்துக்கு நான் சந்தோஷப்பட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

பச்சிளங்குழந்தை நிபுணர் ஆவதற்கான பயிற்சியில் எனக்கு இரண்டு வருடம் முடியப் போகிறது. பன்னிரண்டு வருடம் சளியும் காய்ச்சலும் பார்த்துவிட்டு, முப்பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தவள் நான். எங்கள் பிரிவின் தலைமை டாக்டர் என்னைவிட ஆறு வயது இளையவர். கோபம் வந்தால் என்னை ‘டாக்டர்’ என்பார், பயம் வந்தால் ‘அக்கா’ என்பார். என் பயிற்சிப் பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் அவர் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. கடைசிக் கட்டம் மட்டும் காலி: ‘வாய் அடைபட்ட குழந்தைக்கு மூச்சுக்குழாய் போட்டது – ஒன்று.’ அது இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் பயிற்சி டாக்டராகவே இருக்க வேண்டும். அப்படி ஒரு குழந்தை லட்சத்தில் ஒன்று பிறந்தால் அதிகம். இந்தப் பட்டியலைத் தயாரித்த புண்ணியவானை உட்காரவைத்துக் கேட்க எனக்கு நாலு கேள்வி உண்டு.

பயிற்சி முடிய மூன்று வாரம் இருக்கும்போது அந்த ஸ்கேன் வந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மேல் ஈறிலிருந்து ஒரு கட்டி முளைத்து, உதட்டைத் தாண்டி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழ அளவு. புற்று இல்லை, வெட்டி எடுத்தால் திரும்ப வராது. ஆனால் பிறந்தவுடன் மூச்சை அடைத்துவிட்டால் சில நிமிடம்தான் அவகாசம். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது.

வெளியே வந்தால், வராந்தா நாற்காலியின் நுனியில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் கவரை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

“பொறக்கும்போது நீங்கதான் பக்கத்துல இருப்பீங்களா டாக்டர்?”

“நான்தாம்மா இருப்பேன்.”

அவளுக்கு நான் தெய்வமாகத் தெரிந்தேன். எனக்கு அவள் கடைசிக் கட்டமாகத் தெரிந்தாள். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு போய் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தேன்.

எங்கள் ஒத்திகைப் பொம்மைக்குப் பெயர் மகாராணி. எத்தனை பேர் சேவகம் செய்தாலும் முகம் கொடுக்காத ரப்பர் குழந்தை. அவளுக்குக் கட்டி கிடையாது. என் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர், ஈறுக்கான சிவப்பு மெழுகு அவரிடம் கட்டி கட்டியாக இருக்கும். ஒன்று செய்து கொடுங்கள் என்றேன். அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். ஏழு செய்து எடுத்து வந்தார். ஒன்றில் இரண்டு பல் இருந்தது.

“பொறந்த புள்ளைக்குப் பல்லு எதுக்குங்க?”

“கைப் பழக்கம். தானா வந்துடுச்சு.”

பல்லில்லாத ஒன்றை மகாராணியின் ஈறில் ஒட்டி இருபத்திரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். பதினோரு பேர், ஆளுக்கொரு இடம், தரையில் டேப் ஒட்டி அடையாளம். மூத்த சிஸ்டர் பட்டியலைக் கையில் பிடித்து உரக்கப் படிப்பார். “ஒண்ணு. குழந்தைக்கு மூச்சு இல்லை.” உடனே நான் தலையைச் சாய்த்து, கட்டியை ஓரமாக ஒதுக்கி, குழாயை உள்ளே விட வேண்டும். முதலில் ஐம்பது விநாடி ஆனது. கடைசியில் பத்தொன்பதுக்குக் கொண்டுவந்தேன். மகாராணி இருபத்திரண்டு முறையும் முணுமுணுக்காமல் விழுங்கினாள்.

பிரசவ ஆபரேஷன் அன்று காலை பத்து மணி. பதினோரு பேரும் டேப் மேல் நின்றோம். குழந்தையை வெளியே எடுத்தார்கள். தொப்புள்கொடியை வெட்டுவதற்கு முன்பே அது அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை இல்லை, ஊரைக் கூட்டுகிற அழுகை. கட்டி ஒருபக்கம் ஆடுகிறது, அதன் ஓரமாகச் சத்தம் பீறிட்டு வருகிறது.

எங்களில் ஒருவரும் அசையவில்லை. இருபத்திரண்டு ஒத்திகையிலும் அழுகை வந்ததே இல்லை. பொம்மை அழுமா? அழுதால் என்ன செய்வது என்று எங்களில் ஒரு மகானுபாவருக்கும் எழுதி வைக்கத் தோன்றவில்லை.

சிஸ்டர் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த அழுகைக்கு மேல் குரலை உயர்த்திப் படித்தார். “ஒண்ணு. குழந்தைக்கு மூச்சு இல்லை.”

“கத்துதே சிஸ்டர்,” என்றார் கதவருகே நின்ற ஆயாம்மா.

“லிஸ்ட்ல இல்லையேம்மா,” என்றார் சிஸ்டர்.

குழந்தை என் மேஜைக்கு வந்துவிட்டது. உடம்பு சிவந்துகொண்டே வந்தது. ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று தானாகவே ஏறியது. என் கையோ, நான் சொல்லாமலே, குழாயை எடுத்துத் தயாராகப் பிடித்திருந்தது. தலைமை டாக்டர் என் காதருகே குனிந்தார்.

“போட்டுடுங்க அக்கா. நாளைக்குக் கட்டிய எடுக்கும்போது எப்படியும் போடத்தான் போறாங்க. நான் கையெழுத்து போட்டுடறேன்.”

பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். மூன்று விநாடி நன்றாகவே யோசித்தேன். பத்தொன்பது விநாடி வேலை, ஆறு மாதம் மிச்சம். ஆனால் கட்டியைக் கிளறி ரத்தம் வந்தால், தொண்டை வீங்கினால், தானாக வந்துகொண்டிருக்கிற மூச்சை அடைத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

“மூச்சு விடற புள்ள வாயில நான் எதுக்குக் கை வைக்கணும்?” என்று குழாயைத் தட்டில் வைத்தேன்.

திரைக்கு அந்தப்பக்கமிருந்து தாயின் குரல் வந்தது. “ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?”

குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காட்டினேன். அவள் முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அப்புறம் ரெண்டையும் திறந்து, வெகுநேரம் பார்த்தாள்.

“எங்க மாமியாருக்கு நாக்க நீட்டிக் காட்டற மாதிரியே இருக்கு,” என்றாள். “நான் ஆறு வருஷமா செய்ய நெனச்சத இவ பொறந்த உடனே செஞ்சுட்டா.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். முகமூடி இருந்ததால் மூக்குக்குக் கீழே நடந்தது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை கட்டியை எடுத்தார்கள். அதற்கான குழாயை மயக்க மருந்து டாக்டர் போட்டார். அவருக்கு அது எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் குழந்தை தாயிடம் பால் குடித்தது.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் நான் எழுதினேன்: ‘குழாய் போடவில்லை. குழந்தை அழுதது.’ தலைமை டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். “டாக்டர்” என்றும் சொல்லவில்லை, “அக்கா” என்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். தேர்வுக் குழு பத்தாம் நாள் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மேஜைமேல் விரித்து வைத்தேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“இதுல நீ என்னதான் செஞ்ச?”

“கையக் கட்டிக்கிட்டு நின்னேன்.”

“கையக் கட்டிக்கிட்டு நிக்க ரெண்டு வருஷம் படிக்கணுமா?”

“பத்தாதாம். இன்னும் ஆறு மாசம் சேத்துக் குடுத்திருக்காங்க.”