கார்த்திகை பிறக்கும் வரை

அம்மன் கழுத்திலிருந்த பொன்தாலி காணாமல் போனபோது ஊரில் எல்லோருடைய கண்ணும் பூங்குழலியின் பக்கம் திரும்பியது. அவள் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. கோயிலுக்கு எதிரே இருந்த குழாயில் அன்று காலை தண்ணீர் பிடித்தாள். அந்தக் குழாயில் பாதித் தெரு தண்ணீர் பிடிக்கிறது. ஆனாலும் தர்மகர்த்தா குழந்தைவேல் கோயில் வாசலில் நின்று சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

"சாமி பயம் இருக்கறவ எவளும் ஆத்தா கழுத்துல கை வைக்க மாட்டா. பயமில்லாதவ இந்த ஊர்ல ஒருத்திதான்."

அது உண்மைதான். பூங்குழலியின் அப்பா பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், கறுப்புச் சட்டைக்காரர். அவள் கல்யாணத்தில் தாலியும் இல்லை, ஐயரும் இல்லை. கணவன் கலையரசன் சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்தான். ரெட்டிபாளையத்துக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் அந்த ஊரில் அவள் எட்டு வருஷமாக ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சாமி கும்பிடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேலி பேசிக்கொண்டே அவளிடம் துணி கொடுத்தார்கள். தாலி போன அன்று சாயங்காலத்துக்குள் தைக்காத துணியையெல்லாம் ஒவ்வொருத்தியாக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது அவளுக்கு ஒரு நிம்மதி கூட வந்தது. அங்கே விசாரிப்பார்கள், சாட்சி கேட்பார்கள், எதுவும் கிடைக்காமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் குழந்தைவேலுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவளையும் கலையரசனையும் நிற்க வைத்துத்தான் பேசினார்.

"எஃப்.ஐ.ஆர். போட்டா ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு அலைவீங்கம்மா. பேசாம வெள்ளிக்கெழம கோயில்ல சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிடுங்க. ஊரும் ஒத்துக்கும், நானும் முடிச்சுடுவேன்."

"சார், கோர்ட்டுலயே சாமி பேரச் சொல்லாம உறுதி சொல்லலாம்னு சட்டம் இருக்கு. ஸ்டேஷன்ல இருந்துக்கிட்டு நீங்க கோயிலுக்குப் போகச் சொல்றீங்களே?" என்று கேட்டாள் பூங்குழலி.

அவர் சிரித்தார். "நீங்கதான் நம்பமாட்டீங்களே, அப்பறம் என்ன பயம்? கல்லுன்னு நெனச்சுக்கிட்டு அணைச்சுட்டுப் போங்க. மாட்டேன்னா நான் கேஸ் போட்டு உள்ள வெக்கத்தான் வேணும்."

கலையரசன் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். வீட்டில் ஆறு வயது மகள் இளவேனில் இருக்கிறாள். பூங்குழலி சரியென்று தலையாட்டினாள்.

ஐப்பசி முதல் வெள்ளி. ஊரே கூடியிருந்தது. குற்றம் சொன்னவரும் சத்தியம் பண்ண வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். குழந்தைவேல் முதலில் வந்து, தான் சொன்னது பொய்யில்லை என்று சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பிறகு அவள். தீ கையைச் சுட்டதைவிட, பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்ததுதான் சுட்டது. "சாமியே இல்லன்னு சொல்றவ சத்தியத்துக்கு என்ன மதிப்பு?"

பூசாரி முடிவைச் சொன்னார். "கார்த்திகை பொறக்கறதுக்குள்ள பொய் சொன்ன வூட்டுல ஆத்தா காட்டிடுவா. அதுவரைக்கும் யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பூங்குழலி லேசாகத்தான் நடந்தாள். ஒன்றும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். கல்லுக்குக் கோபம் வராது. வாசற்படியில் கால் வைக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஒன்றும் நடக்காமல் எந்த வீட்டில் ஒரு மாதம் போயிருக்கிறது? மழைக்காலம் வேறு. வழுக்கி விழலாம். பாம்பு வரலாம். ஆலையில் மூட்டை சரியலாம். அதெல்லாம் தானாக நடக்கிற காரியம் என்று அவளுக்குத் தெரியும். ஊரின் கணக்கில் இனிமேல் தானாக எதுவும் நடக்காது.

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி தினமும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். முகத்தில் பகை இல்லை; படம் எப்போது தொடங்கும் என்று காத்திருப்பவளின் முகம் அது. பூங்குழலி கலையரசனை வண்டி எடுக்க விடவில்லை. பஸ்ஸில் போகச் சொன்னாள். கேஸ் அடுப்பின் டியூபைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். கொல்லையில் ஒரு கோழி செத்துக் கிடந்ததை யாரும் பார்க்குமுன் வெட்டுத்துணிப் பைக்குள் சுருட்டிக்கொண்டு போய், மழைத்தண்ணீர் நிறைந்த பழைய கல் குவாரியில் வீசிவிட்டு வந்தாள். எட்டு வருஷத்தில் அவள் ஒருநாள் கூட இப்படிப் பயபக்தியோடு வாழ்ந்ததில்லை என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி பாதியில் இளவேனிலுக்குக் காய்ச்சல் கண்டது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாங்க" என்றாள்.

"போனா பஸ் ஏறறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும்" என்றான் கலையரசன். "வூட்டைக் கொளுத்தக்கூடத் தயங்கமாட்டானுங்க. சாதாக் காய்ச்சலாத்தான் இருக்கும் குழலி. மருந்து ஊத்திப் பாப்போம்."

அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளும்தான் ஒத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, குழந்தை பெரம்பலூர்த் தாத்தா வீட்டுக்குப் போயிருப்பதாகப் பொய் சொன்னாள். குழந்தை முனகும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினாள். "சத்தம் போடாதடா கண்ணு, சத்தம் போடாத" என்று காதோரம் சொல்லிக்கொண்டே ஈரத்துணி போட்டாள். எதற்கு என்று குழந்தை கேட்கவில்லை. வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பூங்குழலி சுவரில் சாய்ந்து அழுதாள். சற்றுநேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் குழந்தையின் கைகால் ஜில்லென்று இருந்தது. வயிறு வலிக்கிறது என்றது. தலையணையில் எச்சில் வழிந்த இடத்தில் இளஞ்சிவப்பாகக் கறை. வாயைத் திறந்து பார்த்தாள். ஈறுகளில் ரத்தம்.

அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. கலையரசன் வேலைக்குப் போயிருந்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் இறங்கினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். புஷ்பவல்லி மட்டும் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"ஆத்தா காட்டிட்டாளா?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

அரியலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டே திட்டினாள். "டெங்கும்மா. ப்ளேட்லெட் ரொம்ப எறங்கியிருக்கு. மூணு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க? சாமிக்கு மஞ்சத்துணி முடிஞ்சு போட்டுட்டு உக்காந்திருந்தீங்களா?"

முடிந்து போட்டவளை விடப் பூங்குழலி எந்த விதத்தில் உசத்தி?

ராத்திரியெல்லாம் சொட்டு மருந்து ஏறியது. விடிந்தபோது குழந்தை தண்ணீர் கேட்டது. பிழைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் பூங்குழலி சுற்றிலும் பார்த்தாள். அடுத்த கட்டிலில் கொசுவலைக்குள் ஒரு பையன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் முக்காடு போட்டு முகத்தை மறைத்துக்கொண்டிருந்தவளின் கைவளையலை எங்கோ பார்த்த நினைவு. குழந்தைவேலின் மனைவி அம்பிகா.

கொஞ்ச நேரத்தில் குழந்தைவேலே வந்தார். பூங்குழலியைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. வராண்டாவுக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தங்கச்சி, ஊர்ல சொல்லிடாதம்மா. பேரு, ஊரு எல்லாம் மாத்திக் கொடுத்துதான் சேத்திருக்கோம். நானும் சூடம் அணைச்சவன்ல... நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

"எத்தன நாளா காய்ச்சல்?"

"அஞ்சு நாளு." அவர் வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அம்பிகா கெஞ்சினா. நான்தான் விடல."

அன்று மதியம் பையனை ஆம்புலன்ஸில் திருச்சிக்கு அனுப்பினார்கள். அம்பிகா ஏறும்போது பூங்குழலியின் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு விட்டாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பிய சாயங்காலம் கூட்டம் வந்தது. முதல் கல் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்து உருண்டது. குழந்தை கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது.

"ஆத்தா காட்டிட்டா! தாலிய வெளிய வைடி!"

ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் சொல்லித் தெரிந்திருந்த கலையரசன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "சொல்லிடு குழலி. அவன் புள்ளயும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லு. கல்லு பூரா அவன் வூட்டுக்குத் திரும்பிடும். நாம பொழச்சுக்குவோம்."

ஒரு வார்த்தைதான். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியும் இருப்பாள். ஆனால் சொன்னால் என்ன அர்த்தம்? காய்ச்சல்தான் சாட்சி, காய்ச்சல்தான் தீர்ப்பு என்று அவளும் ஒத்துக்கொண்டதாக ஆகும். மூச்சுத் திணறுகிற அந்தப் பையனைத் திருடன் மகனாக்கிவிட்டு அவள் யோக்கியமாவாள்.

கதவைத் திறந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்புள்ளைக்கு டெங்கு. இந்தத் தெருவுல எத்தன வூட்டுல புள்ளைங்க காய்ச்சலோட கெடக்குது? மறைச்சு வெக்காதீங்க. மூணு நாள் மறைச்சதுல எம்புள்ள சாகப் பாத்துச்சு. காய்ச்சல் விட்டாலும் வாயில ரத்தம் வருதான்னு பாருங்க."

புஷ்பவல்லி திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். அடுத்த கல் பூங்குழலியின் நெற்றியில் பட்டது. எறிந்தது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சுகாதாரத்துறைக்காரர்கள் வந்து முகாம் போட்டார்கள். போன் செய்தது அவள்தான். முகாமுக்கு வந்தது நான்கு தாய்மார்கள்தான். அதில் புஷ்பவல்லியும் ஒருத்தி. அவள் மகன் தப்பித்தான். மற்ற வீடுகள் கார்த்திகை பிறக்கும் வரை சாத்தியே கிடந்தன. கீழத்தெருவில் ஒரு கைக்குழந்தையைப் புதைத்தார்கள். என்ன வியாதி என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

குழந்தைவேலின் மகன் பிழைத்து வந்தான். திருச்சியில் கல்யாணத்துக்குப் போயிருந்தோம் என்று அவர்கள் சொன்னதை ஊர் நம்பியது. தாலி கிடைக்கவே இல்லை. பூங்குழலிதான் எடுத்தாள் என்பது ஊரில் முடிந்துபோன விஷயம். சத்தியம் பண்ணச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டர் மேல் அவள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். விசாரணைக்கு வந்த அதிகாரி அவளிடம் தனியாக, "நெஜமாவே நீங்க எடுக்கலையாம்மா?" என்று கேட்டார்.

இப்போது அவர்கள் பெரம்பலூரில், அப்பாவின் பழைய கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, நல்ல மனிதர்கள். போன வாரம் இளவேனில் மழையில் நனைந்து வந்து தொடர்ந்து இரண்டு தும்மல் போட்டாள். பூங்குழலி எழுந்தாள். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தான் எழுந்தாள். ஆனால் முதலில் போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.