மாசக் கணக்கு

"டிரைவர் எப்பம்மா வருவாரு? நாளைக்குப் பெரியத்தான் அக்ரிமெண்டோட வர்றாரு. உன் புருஷன் கையெழுத்து வேணுமே."

கேட்டது வீட்டுக்காரம்மா. கேட்டுக்கொண்டே, பின்போர்ஷன் வாசலில் கிடந்த ஆண் செருப்பைத் துடைப்பத்தால் ஓரம் தள்ளினாள். வாசல் கூட்டுகிற சாக்கில்தான் வந்திருந்தாள். செருப்பு புரண்டது. உள்ளே, விரல் நுழைகிற இடத்தில், சிலந்தி ஒன்று சாவகாசமாக வலை பின்னி வைத்திருந்தது. வலையில் காய்ந்துபோன ஒரு ஈ. யாரும் கால் நுழைத்து வெகு நாளாகிவிட்ட செருப்பு.

"லோடு ஏத்திட்டுப் போயிருக்காரும்மா. வந்துடுவாரு" என்றாள் உள்ளே நின்றவள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணும் செருப்புக்குப் போய்விட்டது. முகம் வெளுத்தது.

அவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஊசிக்காரி என்றுதான் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கையில் நரம்பு தேடுகிற பிழைப்பு. வலிக்காமல் குத்துவாள் என்று தெருவில் நல்ல பெயர். அந்தக் கை இப்போது கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, சொல்லிடாதீங்க."

"எப்பப் போனான்?"

"மழைக்கு முன்னாடியே போயிட்டாரு. வேற ஒருத்தியோட." தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பாப்பாவுக்கு ஸ்கூல் இங்க பக்கம். எனக்கு லேபும் பக்கம். லீவு கிடைச்சப்பல்லாம் வேற வீடு பார்த்தேம்மா. எந்த வாசல்ல நின்னாலும் முதல் கேள்வி, 'வீட்ல ஆம்பளை யாரு?' அதான் செருப்பை எடுக்கல. அவர் விட்டுட்டுப் போன சட்டையையும் வாராவாரம் துவைச்சுக் கொடியில போடறேன்."

வீட்டுக்காரம்மாவுக்குப் பாவம் என்று முதலில் தோன்றவில்லை, அதை மறைப்பானேன். இது தெரிந்தும் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பெரியத்தான் கண்டுபிடித்தால் தன் கதி என்ன என்றுதான் தோன்றியது. துடைப்பத்தோடு திரும்பி நடந்தாள்.

பெரியத்தான் அவள் கணவனின் அண்ணன். கணவன் போய்ச் சேர்வதற்கு முன்பே கட்டடத்தை அவள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டான்; விவரமான ஆள். ஆனால் பெயர் பத்திரத்தோடு சரி. குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவது, மோட்டார் போடுவது, மாடிக்காரரும் கீழ்க்காரரும் தண்ணீருக்கு முட்டிக்கொண்டால் நடுவில் நிற்பது எல்லாம் அவள். அக்ரிமெண்ட் புதுப்பிக்கிற அன்று மட்டும் பெரியத்தான் வந்து நாற்காலியில் உட்காருவார். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போடுவார். சாட்சிக்கு மாடியில் குடியிருக்கும் பேங்க்காரர். அவள் காபி கொண்டுவந்து வைப்பாள். இதில் ஏதாவது கோணல் இருக்கிறதா என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் சட்டம் எளிமையானது. வீடு குடும்பத்துக்கு மட்டும். குடும்பம் என்றால் ஆண் கையெழுத்து. அது இருந்தால் இரண்டு வருஷ ஒப்பந்தம். இல்லையென்றால் மாசக் கணக்கு. "பொம்பளை மட்டும் இருக்கற வீட்டுக்கு அதுதாம்மா சரி. நாலு பேர் நாலு விதமாப் பேசினா மாசக் கடைசியில அனுப்பிடலாம் பாரு" என்பார், ஏதோ தர்ம நியாயம் சொல்வதுபோல.

மாசக் கணக்கு என்றால் என்னவென்று வீட்டுக்காரம்மா கண்ணால் பார்த்தவள். இதே பின்போர்ஷனில் முன்பு பாட்டு டீச்சர் இருந்தாள். புருஷன் இறந்த கையோடு அவளை மாசக் கணக்குக்கு மாற்றினார் பெரியத்தான். அன்றிலிருந்து டீச்சர் சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகியதைச் சொல்லவில்லை. அடியில் வாளி வைத்துக்கொண்டாள். சத்தம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பாட்டு கற்க வந்த பிள்ளைகளை நிறுத்தினாள். மாசக் கடைசி வந்தால் முகத்தில் ஈயாடாது. ஒரு மாசம் "ஒரு குடும்பம் வந்திருக்கு" என்றார் பெரியத்தான். போய்ச் சொல்லும் வேலை வீட்டுக்காரம்மாவுக்கு. "இந்த மாசமா?" என்று மட்டும் கேட்டாள் டீச்சர். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூடத் தேவலை.

பெரியத்தான் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. முன்வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. கதவைத் தட்டமாட்டார், திறந்துகொண்டு வருவார். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் வீட்டுக்காரம்மா எங்கே இருந்தாலும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவாள். "உனக்கென்னம்மா, இருக்கற வரைக்கும் இரு. என் மகன் குடும்பத்தோட வந்துட்டா உனக்குப் பின்னாடி ஒரு ரூம் போதாதா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலை சாவி திரும்பியது.

பெரியத்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் பேங்க்காரர், பேனாவைத் திறந்து தயாராக. மேஜையில் இரண்டு காகிதம்: ஒன்று இரண்டு வருஷத்துக்கு, மற்றொன்று மாசக் கணக்குக்கு. இரண்டும் எதற்குக் கொண்டுவந்தார் என்று வீட்டுக்காரம்மாவுக்கு உறுத்தியது.

ஊசிக்காரி வந்து கதவோரம் நின்றாள்.

"டிரைவர் எங்கம்மா?"

"லோடு ஏத்திட்டுப் போயிருக்காருங்க. நான் போடலாமான்னு..."

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியா அவனை?"

"பார்த்தேன் அத்தான். போன வாரம்கூட வந்துட்டுப் போனாரு."

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து தானாக வந்து விழுந்த பொய்.

பெரியத்தான் காபியை ஒரு வாய் குடித்தார். "போன வாரமா? போன வாரம் அவன் என்கிட்டல்ல வந்தான்! மார்க்கெட் பக்கத்துல என் புதுக் கட்டடம் இருக்கே, அங்க குடும்பமா வந்து வீடு கேட்டான். தெரிஞ்ச ஆளாச்சே, குடுத்துட்டேன். ரெண்டு வருஷ அக்ரிமெண்ட்."

பேங்க்காரர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்கூட வந்தது..." என்று தொடங்கினாள் ஊசிக்காரி. "அது அவர் சம்சாரம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமேங்க. இத்தனை நாளா என்னைத்தானே இங்க பார்த்துட்டு இருக்கீங்க."

"அது உங்க சொந்த விஷயம்மா. அதெல்லாம் நான் கிளறுவேனா? ஒரு ஆணும் ஒரு பெண்ணும், குடும்பமா வந்தான். கையெழுத்துப் போட்டான். முடிஞ்சுது." மாசக் கணக்குக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "உனக்கு இது. வேற குடும்பம் கிடைக்கற வரைக்கும் இரு." பிறகு தம்பி மனைவியைப் பார்த்து, "நீ பொய் வேற சொல்ல ஆரம்பிச்சுட்ட. தனியா இருந்தா இப்படித்தான் புத்தி போகும். மகனை அடுத்த மாசமே குடிவரச் சொல்லிடறேன். நீ பின்னாடி ரூமை ஒழிச்சு வை" என்றார்.

அடுத்த மாசம். அப்படியானால் அவளுக்கும் மாசக் கணக்குதான். சொந்த வீட்டில், தன் பெயரில் பத்திரம் இருக்கிற வீட்டில், இத்தனை நாளும் அவள் அப்படித்தான் குடியிருந்திருக்கிறாள். விட்டுவிட்டுப் போனவனுக்கு இரண்டு வருஷம். விடப்பட்டவளுக்கும் செத்தவன் மனைவிக்கும் மாசக் கடைசி. அவளுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. பயம் மட்டும் போகவில்லை.

எழுந்து போய் இரண்டு வருஷக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பத்திரம் என் பேர்ல இருக்கு அத்தான்."

யாருக்கும் கேட்காதோ என்கிற அளவு சின்னக் குரல். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பேங்க்காரர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பழக்கமில்லாததில் அது கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

பெரியத்தான் கத்தவில்லை. மெல்ல எழுந்தார். "போடு, போடு. சாட்சி இல்லாத காகிதத்தை எவன் மதிக்கறான்? எந்த ஆம்பளை இதுக்குச் சாட்சி போடறான்னு நானும் பார்க்கறேன். சாயந்திரம் மகனோட வர்றேன்." பேங்க்காரரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். சாவியையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

வீட்டுக்காரம்மா பேனாவை நீட்டினாள். பேங்க்காரர் வாங்கி மூடிவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க அக்ரிமெண்டும் அடுத்து வருது. பெரியவரைப் பகைச்சுக்க முடியுமா சொல்லுங்க?"

"உங்க அக்ரிமெண்ட்லயும் இனிமே நான்தான் கையெழுத்துப் போடணும்."

"அது... பார்க்கலாம்மா" என்று பட்டும் படாமலும் சொல்லி மாடியேறினார். அவருக்கு நம்பிக்கையில்லை. அவளுக்கும் இருந்ததா என்றால், இல்லைதான்.

ஊசிக்காரி வேறு பேனா எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டாள். சாட்சிக்கான கோடு வெறுமையாகக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டுப் பார்த்தார்கள். "வேற யாரையாவது பாருங்களேன்" என்றார். எதிர்வீட்டுக்காரர் கதவையே திறக்கவில்லை. திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டார்கள். தாழ்ப்பாள் தளர்ந்துபோயிருந்தது, அதை நம்பாமல் நாற்காலியையும் கதவுக்கு அண்டைகொடுத்து வைத்தாள் வீட்டுக்காரம்மா.

"வேணாம்மா. என்னால உங்களுக்கு ஏன் வம்பு? நான் மாசக் கணக்குக்கே..."

"வாயை மூடு. அது எனக்கும் சேர்த்துத்தான்."

வெளியே படிக்கட்டில் காலடிச் சத்தம். ஊசிக்காரி மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. சாவி போடவில்லை.

"யாரு?"

"நான்தாங்க. மேல் வீடு."

நாற்காலியை நகர்த்தித் திறந்தார்கள். பேங்க்காரர் மனைவி நின்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். முழங்கைவரை சோப்பு நுரை. உள்ளே வந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சாட்சி பொம்பளைங்க போடக் கூடாதா?"

வீட்டுக்காரம்மா ஊசிக்காரியைப் பார்த்தாள். இருவருக்கும் இது தோன்றவே இல்லை. கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர் என்று கெஞ்சிக்கொண்டு அலைந்தார்களே தவிர, கட்டடத்தில் இருக்கிற ஒரு பெண்ணைக் கேட்கலாம் என்று அவர்கள் புத்தியிலும் ஏறவில்லை.

"கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றாள் ஊசிக்காரி.

"நான் இதுவரைக்கும் எதுலயும் போட்டதில்ல. எல்லாத்துலயும் அவரே போட்டுடுவாரு." அவள் மேஜையில் குனிந்தாள். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. "எங்க போடணும்? சீக்கிரம் காட்டுங்க."

வீட்டுக்காரம்மா கோட்டைக் காட்டினாள். அவள் பேனாவை வைத்து முதல் எழுத்தைத் தொடங்கியபோது மாடியிலிருந்து பேங்க்காரர் குரல் வந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? கீழ என்ன பண்ற?"

பேனா நின்றது. குழந்தைகூட அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"இதோ வர்றேன்" என்று குரல் கொடுத்தாள் அவள். ஆனால் தன் பெயரை முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் மாடியேறினாள்.