சத்தமில்லாமல் விழுந்த கோபுரம்

வரவேற்பறையில் கோபுரம் ஏறிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் சின்னம் அச்சடித்த அட்டைப்பெட்டிகளை ஆளுக்குப் பத்தாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அரிசியோ பருப்போ மாவோ நிரப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பசித்தவர்களுக்கு ஊழியர்களின் உதவியாம். வந்ததை அடுக்குகிற பொறுப்பு பில் பிரிவின் தலைவருக்கு. ஏணிமேல் நின்றுகொண்டு, "இடது பக்கம் தள்ளுய்யா, சின்னம் முன்னால தெரியட்டும்" என்று அவர் போட்ட கூச்சலில் அன்றைக்கே அவருக்கு மேஸ்திரி என்று பெயர் விழுந்துவிட்டது. பின்னால் பேனர்: 'நம் பகுதியில் பசிக்கு இடமில்லை.' சும்மா சொல்லக் கூடாது, எழுத்து பளிச்சென்றுதான் இருந்தது. போன மாதம் பிரிவில் ஓவர்டைமை நிறுத்தி மேஸ்திரி ஒட்டிய சுற்றறிக்கையும் இதே பளிச்செழுத்தில்தான் இருந்தது.

அந்தப் பிரிவில் ஒருத்தி மதியம் மட்டும் இருக்கையை விட்டு எழ மாட்டாள். எல்லாரும் சாப்பாட்டு அறைக்குக் கிளம்பும்போது, "நான் டயட்ல இருக்கேன், நீங்க போங்க" என்பாள். அதனால் அவள் டயட் அக்கா.

"இன்னும் இளைச்சா காத்துல பறந்துருவீங்கக்கா" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"பறந்தா பஸ் செலவு மிச்சம்டி."

பதில் சொல்வதில் அக்கா குறை வைத்ததே இல்லை. ஊர்வம்பை விரல்நுனியில் வைத்திருந்த பிரிவு அது. யார் வீட்டில் புதுச் சோபா, யார் மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அத்துப்படி. அக்காவின் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடப்பதும், ஓவர்டைம் பணத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததும் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

பெட்டிகளை அவள் வீட்டு டப்பாக்களை வழித்துத்தான் நிரப்பினாள். வெறுங்கையோடு போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே. ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் அவள் மகள் பென்சிலால் ஒரு மீன் வரைந்து அனுப்பினாள்.

நிறுவனத்தின் முதலாளியான பெரியவர் வந்து படம் எடுத்துக்கொண்டதும் பெட்டிகள் தெருத்தெருவாகப் போகும் என்றார்கள். பெரியவர் வரவில்லை. முதலில் வெளியூர்ப் பயணம், அப்புறம் ஜலதோஷம், அப்புறம் வேறெங்கோ திறப்பு விழா. கோபுரத்துக்குத் தூசி தட்டினார்கள். அக்காவின் பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அக்கா கோபுரத்தின் பின்பக்கம் போனாள். மீன் போட்ட பெட்டி ஒன்றை உருவி, அரிசியைக் கைப்பையில் கொட்டி, காகிதம் கிழிக்கும் இயந்திரத்திலிருந்து அள்ளிய துணுக்குகளை உள்ளே திணித்து, பழையபடி ஒட்டி வைத்தாள். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மறுபடியும் போக வேண்டியிருந்தது. மீன் இல்லாத பெட்டியை அவள் தொட்டதே இல்லை.

கடைசியில் பெரியவர் வருகிற நாளும் வந்தது. ஓரமாக இருந்த பெட்டியைச் சரிசெய்யப் போன மேஸ்திரி, அதில் கனமே இல்லாததைக் கண்டு பிரித்தார். காகிதம்! நேரே வாசலில் நின்ற காவலாளியிடம் பாய்ந்தார்.

"ராப்பகலா இங்கயே கிடக்கிறது நீதானேய்யா! அரிசி எங்க?"

"நான் வாசலைத்தான் பாத்துக்கிறேன் சார். கோபுரத்தை இல்ல."

"வாய் வேறயா? பையைக் கொட்டு!"

வயதான மனிதர் பையைக் கவிழ்த்தார். ஒரு தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, வீட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்கிற பழைய சட்டை. பிரிவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "திருட்டுப்பய. போலீசுக்குப் போன் போடுங்கப்பா" என்றார் மேஸ்திரி.

அக்காவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். வேலை போனால் வீட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழைய சட்டை தரையில் கிடந்தது.

"அவரை விடுங்க சார். எடுத்தது நான்."

"நீங்களா? டயட்டுன்னீங்களே!"

"சோறு இல்லாததுக்கு மரியாதையா ஒரு பேர் வேணும்ல சார். நான் கொண்டுவந்ததைத்தான் எடுத்தேன். மீன் போட்டிருக்கும், பாருங்க."

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என் படத்தையும் பேனர்ல போட்டிருப்பீங்க."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க!" என்று கத்திவிட்டு, வேறெங்கே மீன் இருக்கிறது என்று பார்க்க, நடுவிலிருந்து ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்தார். கோபுரம் சரிந்தது.

அத்தனை உணவு விழுந்தால் தரை அதிர வேண்டாமா? காலித் தீப்பெட்டிகளைக் கொட்டியதுபோல் பொலபொலவென்று விழுந்தது. வாய்பிளந்த பெட்டிகளிலிருந்து மரத்தூள் வந்தது, தலையணைப் பஞ்சு வந்தது, சுருட்டிய பழைய நாட்காட்டி வந்தது. அவற்றில் ஒன்றின்மேலும் மீன் இல்லை. எடுத்தவர்கள் சிலர், போட முடியாமல் வீட்டிலிருந்தே இப்படி நிரப்பி வந்தவர்கள் சிலர். பஞ்சைக் கண்டதும் பக்கத்து மேசைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளோடு இன்னும் பல தலைகள் குனிந்தன.

"இதெல்லாம் யாரு?" என்றார் மேஸ்திரி. இந்த முறை குரல் ஏறவில்லை.

"தேடாதீங்க சார்" என்றாள் அக்கா. "நீங்க கோபுரம் கட்டினதே அவங்களுக்காகத்தானே."

வாசலில் கார் வந்து நின்றது. பெரியவர் உள்ளே வந்து, தரையைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புகைப்படக்காரர், "எதைப் படம் எடுக்கட்டும் சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மேஸ்திரி பேனரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது அவர் காலடியில் விழுந்தது.

"படம் வேண்டாம் சார்" என்றார் பெரியவரிடம். "ஊர்ப் பசியைத் தீர்க்கக் கிளம்பினோம். பக்கத்து மேசைப் பசி கண்ணுல படல. ஓவர்டைமை நிறுத்தினப்ப யார் வீட்டு அடுப்பு அணையும்னு நான் கேக்கல. கூட வேலை பாக்கிறவங்க சாப்பிட்டாங்களான்னு முதல்ல கேக்கணும் சார். அதைக் கேக்காதவன் செய்ற தானமெல்லாம் வெறும் அட்டைப்பெட்டிதான்."

பெரியவர் காருக்குத் திரும்பினார். மேஸ்திரி அக்காவிடம், "நாளைக்கு வாங்கம்மா" என்றார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த பழைய சட்டையை எடுத்துக் காவலாளியிடம் நீட்டினார். "மன்னிச்சிருங்கய்யா. அவசரத்துல சொல்லிட்டேன்."

காவலாளி சீருடைச் சட்டையைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தார். தன் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, பொத்தானை நிதானமாக மாட்டினார்.

"பசிச்சவனுக்குச் சோறு போட்டுறலாம் சார். திருடன்னு சொன்னதுக்கு என்னத்தப் போடுவீங்க?"

அக்கா வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.