ஓம் என்றால் ஆமா

“கோவம் வந்தா எங்க போய் இருப்பீங்கள்?”

“யாரு, நானா மேடம்?”

“ஓம். நீங்கதான்.”

“நான் எஸ்டேட் லயத்துல பொறந்தவன் மேடம். ஒரே ரூம்பு, ஆறு பேரு. கோவிச்சுக்கிட்டுப் போக எடம் ஏது? கோவத்தையே விட்டுட வேண்டியதுதான் லா.”

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால், பாயா ரும்புட் என்ற ஊரில் ஒரு கிளினிக் கட்டிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. கேட்டவள் கிருஷ்ணகுமாரி, அந்தக் கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட். பதில் சொன்ன தேவன் அங்கே சூப்பர்வைசர். அவள் சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கூத்து நடந்திருந்தது. “தூணு இங்கதானே மேடம்?” என்று தேவன் கேட்க, அவள் “ஓம்” என்றாள். மேடம் மந்திரம் சொல்லப் போகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான். பின்னால் நின்ற ஆட்களும் கழற்றினார்கள். யாழ்ப்பாண வழி வந்த வீடுகளில் ‘ஓம்’ என்றால் ‘ஆமா’ என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அரை நாள் ஆனது. கிளினிக் திறப்பு விழாவில், கேசரித் தட்டோடு நின்றவனிடம் “என்னைக் கட்டுறீங்களா?” என்று கேட்டவளும் அவள்தான். அதற்குள் அவன் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான். “ஓம்” என்றான்.

கோபம் வந்தால் எங்கே உட்காருவீர்கள் என்ற கேள்வியை, எத்தனை அறை வேண்டும் என்பதற்கும் முன்னால் எல்லாரிடமும் கேட்பாள் குமாரி. அது அவள் அப்பா ஜெயரட்ணத்தால் வந்த பழக்கம். படித்து முடித்த கையோடு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவருக்காக ஆசை ஆசையாய் ஒரு வீடு வரைந்து கட்டினாள். குடிபுகுந்த அன்று அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்ல வடிவா இருக்கு பிள்ளை. என்ர கதிரையை எங்க வைக்கிறது?” என்று கேட்டார். வாசல் கேட்டைப் பார்த்து உட்காருவது அவர் வழக்கம். அந்தப் பக்கத்தில் அவள் சுவர் எழுப்பியிருந்தாள். ஆறு வருடம் அவர் நாற்காலியைக் கார் நிறுத்தும் இடத்தில் போட்டுத்தான் பேப்பர் படித்தார். குறை என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் குமாரிக்கு இன்னும் வலித்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விதி: வாய் திறந்து கேட்காதவர்களுக்கு வரைவதில்லை.

கேட்டவர்களுக்கு அவள் செய்ததைத் தேவன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். மழை பெய்தால் மற்றவர்கள் சைட்டை விட்டு ஓடுவார்கள். இவள் குடையும் பிளாஸ்டிக் ஸ்டூலுமாக அங்கே போய் உட்காருவாள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குறித்துக்கொள்வாள். கிளேபாங் கடற்கரையில் அவள் கட்டிய பாலர் பள்ளியில் ஏர்கான் கிடையாது. மத்தியானத்தில் பிள்ளைகள் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். கோலாலம்பூரில் மேடையேற்றிக் கொடுத்த விருதை, வரைபடக் காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்திருக்கிறாள். அறுபத்து மூன்று வீடுகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு போய் உட்கார நல்ல காற்றோட்டமான ஓர் இடம்.

குமாரியும் தேவனும் இருப்பது மட்டும் பாச்சாங்கில், எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் வரிசை வீடு. முன்ஹால்தான் அவள் அலுவலகம். தேவனுக்குக் கோபம் வந்தால் வாசலில் நிற்கும் வேனில் போய் உட்காருவான். “அப்பா வேன்ல!” என்று மகள் ஷாந்தினி அறிவிப்பதும், குமாரி பின்னாலேயே தேநீர் கொண்டு போவதும் அந்த வீட்டு வழக்கம்.

பாயா ரும்புட்டில் தேவன் பெயரில் ஒரு சின்ன லாட் நிலம் இருக்கிறது. வாங்கிப் பதினொரு வருடம். மரவள்ளி போட்டிருக்கிறான். அங்கே ஒரு வீடு வரைந்து தா என்று மனைவியிடம் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. அவன் அம்மா முத்தாயி, லயத்துச் சமையலறைக்கு ஒரு ஜன்னல் வேண்டுமென்று எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். “பாக்கலாம், பாக்கலாம்” என்பார் அவர். ஜன்னல் வரவில்லை, லயத்தை இடிக்க மண்வாரி இயந்திரம்தான் வந்தது. கேட்டால் முகம்தான் சிறுக்கும் என்று சின்ன வயதிலேயே தேவனுக்குப் பதிந்துவிட்டது.

இன்று காலை பசியாறும்போது குமாரி சொன்னாள்: “கழுத்து வலி தாங்க ஏலாது. இன்னும் ஒரே ஒரு வீடு, அதோட நிப்பாட்டப் போறன். வீடு கேட்ட கிளேபாங் ஆக்கள் நாலு மணிக்கு வருகினம். ஓம் சொல்லிடலாம் எண்டு இருக்கிறன்.” சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள்.

“நல்லது,” என்றான் தேவன். பாதித் தோசையோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மூன்றரை மணிக்கு, பழைய கோப்புகளைப் பெட்டியில் போட்டு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு நீலக் கோப்பின் மேல் அவனுடைய லாட் நம்பர் இருந்தது. வேனிலேயே உட்கார்ந்து திறந்தான்.

பதினொரு வருடத்து மழை அதில் இருந்தது. தேதி போட்டு, எந்த மூலையில் எத்தனை விரல் தண்ணீர் நின்றது, மாலை வெயில் மரவள்ளியில் எந்த வரிசைவரை வந்தது, எல்லாம் அவள் கையெழுத்தில். சைட்டுக்குப் போகிறேன் என்று குடையோடு கிளம்பிய எத்தனையோ நாட்கள் அவனுக்கு இப்போது புரிந்தன. கடைசித் தாளில்:

‘உரிமையாளர்: தேவன். கோபம் வந்தால் எங்கே உட்காருவார்? வேனில்.’

அதற்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை. காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. தேவன் வேனிலிருந்து குதித்து உள்ளே ஓடினான்.

“என்ன, இண்டைக்குக் கெதியா இறங்கிட்டீங்கள்? நான் இன்னும் தேத்தண்ணி போடேல்லை,” என்றபடி எழுந்தாள் குமாரி. “தள்ளுங்கோ, கிளேபாங் ஆக்கள் வந்திட்டினம்.”

அவன் தள்ளவில்லை. நீலக் கோப்பை மேசையில், அந்த விருதின் பக்கத்தில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கேட்டில் மணி அடித்தது.

“குமாரி,” என்றான். கிராணி முன்னால் நிற்பது போலக் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. அவற்றைப் பிரித்துக் கீழே விட்டான்.

“அவங்களுக்கு ஓம் சொல்லாத. எனக்கு ஒரு வீடு வரைஞ்சு குடு. சமையல்கட்டுல பெரிய ஜன்னல் வேணும்.”