சிவப்புக் கோட்டைத் தொடாத முள்

பழவேற்காட்டு ஜவுளிக்கடை வீட்டின் இரண்டாவது மருமகள் சைதா, பழைய ராணுவ ஆம்புலன்ஸ் ஒன்றில் குடித்தனம் நடத்தினாள். உலக யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த வண்டி அது. அவள் புருஷன் ஹனீப் அதை எடுத்து, ஆசாரியை வைத்து உள்ளே மடக்குக் கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு மேடை, துணி அடுக்கத் தட்டுகள் எல்லாம் அடித்திருந்தான். இருவரும் ஊர் ஊராகப் போய் வண்டியை நிறுத்துவார்கள். கடைத்தெருவுக்கே வராத பெண்கள் பின்கதவால் ஏறி, திரையை இழுத்து விட்டுக்கொண்டு, ஆற அமரப் புடவை எடுப்பார்கள். எந்த ஊருக்கு எந்த ரகம், என்ன விலை என்பதெல்லாம் சைதா பொறுப்பு. மாமியார் வீட்டில் மூன்று வருஷம் தலையாட்டியே பழகியவளுக்கு அந்த வண்டிக்குள்தான் குரல் வந்தது.

ஹனீபின் அண்ணன் அப்துல் வஹாபுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "நம்ம ஊட்டுப் பொம்பள ரோட்டோரத்துல சோறாக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி எப்போது படுக்கும் என்று காத்திருந்தார் என்றும் சொல்லலாம்.

அந்தக் கோடையில் வண்டி அதற்கு வழிவிட்டது. டிரைவர் சீட்டுக்கு எதிரே இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும், மற்றது என்ஜின் ஆயிலின் சூட்டை. தண்ணீர் முள் ஒழுங்காக நின்றது. ஆயில் முள் மட்டும் பொன்னேரி தாண்டுவதற்குள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிடும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கிளம்ப வேண்டும். கெட்டி ஆயில் ஊற்றிப் பார்த்தார்கள், இன்னும் மோசமானது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேரிங் போச்சு, என்ஜின் முடிஞ்சுது என்றார்கள். வஹாப் காயலான்கடைக்காரர் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சதும் ஆள் வருவான். வண்டியக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்து சேருங்க" என்று சொல்லியனுப்பினார்.

வண்டி அப்போது மீஞ்சூரில் பரசுராமனின் பட்டறை வாசலில் நின்றது. பரசுராமன் யுத்தத்தின்போது ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவர். "என்ஜினத் தொறந்து பாத்தாத்தான் தெரியும் பாய். தொறந்தா மாசக்கணக்காவும்" என்றார் அவர்.

ஹனீப் மடக்குக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சைதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"முள்ளு பொய் சொல்லுதான்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பரசுராமன் தலையைச் சொறிந்தார். பிறகு என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரிலிருந்து முள்ளுக்குப் போகும் செப்புக் கம்பியின் முனையைக் கழற்றிக் கொடுத்தார். சைதா ஸ்டவ்வில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, முனையை அதில் முக்கினாள். முள் ஏறி, கொதிநீரின் சூடு எதுவோ அதே இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி பாரன்ஹீட்டில் போய் நின்றது.

"மெய்யத்தான் சொல்லுது" என்றான் ஹனீப்.

முள் நிஜம் என்றால் சூடும் நிஜம். அப்படியானால் எந்த நாளில் சூடு குறைவாக இருந்தது? சைதா போன மாசத்துப் பயணங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பொன்னேரிக்கு அப்பால் இருக்கும் ஆரணிக்குப் போன நாள் கொதித்தது. கும்மிடிப்பூண்டி பாதி வழியிலேயே திரும்பிய நாளும் கொதித்தது. ஆனால் ஒரு நாள், சேம்பரின் அடித்திருகு லூசாகி, வழியெல்லாம் ஆயில் ஒழுகிய அன்று, வண்டி ஒரு தடவைகூட நிற்காமல் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வந்து சேர்ந்தது. வந்ததும் ஹனீப் பயந்துபோய் திருகை இறுக்கி, ஆயில் அளக்கும் குச்சியை விட்டுப் பார்த்து, காட்டிய குறைக்கெல்லாம் ஆயிலை ஊற்றினான். மறுநாளே பழைய கதை.

"இன்னாங்க, ஆயில் கொறஞ்சப்போதான் வண்டி நல்லா ஓடிச்சு" என்றாள்.

"கொறஞ்சா சூடு ஏறும், எறங்குமா?"

"நீங்களே நெனச்சுப் பாருங்க. ஊத்த ஊத்தத்தான் கொதிக்குது."

பரசுராமன் பீடியைக் கீழே போட்டார். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ஆயில் அளக்கும் குச்சியை உருவினார். குச்சியில் ஒட்டியிருந்தது ஆயிலா, கடைந்த மோரா என்று சந்தேகம் வரும்படி நுரை. அவர் குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய், இது இந்த வண்டிக் குச்சியா?"

ஹனீப் எழுந்து வந்தான். "பழசு ஒடிஞ்சு போச்சு. ஏல மார்க்கெட்டுல ஒண்ணு கெடச்சுது, சரியா ஒக்காந்துச்சு, போட்டுட்டேன்."

"ஒக்காரும். ஆனா நீளம் பத்தாது. ஆயில் சரியான அளவுல இருந்தா இது எட்டாது. அதான் எப்பவும் கொறையுதுன்னு காட்டிக்கினு இருந்துருக்கு." பரசுராமன் குரலில் இப்போது ஒரு உற்சாகம். "நீ ஊத்திக்கினே இருந்துருக்க. உள்ள சுத்தற கிராங்க் ஆயில்ல முங்கி, மத்து கடையற மாதிரி கடையுது. கடஞ்சா கொதிக்காம இன்னா பண்ணும்?"

மொத்த ஆயிலையும் இறக்கினார்கள். வைத்த தகர டின் நிரம்பி, சைதாவின் சோற்றுக் குண்டானும் பாதி நிறைந்தது. இந்த ரக என்ஜினுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது பரசுராமனுக்கு மனப்பாடம். புது ஆயிலை அந்த அளவுக்கு மட்டும் ஊற்றி, நீளமான இரும்புக் கம்பி ஒன்றை விட்டு, ஈரம் நின்ற இடத்தில் அரத்தால் கோடு இழுத்தார்.

"தங்கச்சி, இனிமே இதான் உன் குச்சி" என்று சைதாவிடமே நீட்டினார்.

வெள்ளிக்கிழமை வஹாப் வந்தபோது காயலான்கடைக்காரரும் கூட வந்திருந்தார். வழக்கமாக மச்சான் வஹாபிடம் சொல்ல வேண்டியதைச் சைதா புருஷன் வழியாகத்தான் சொல்வாள். அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே சொன்னாள்.

"பெரிய மச்சான், ஒரு தடவ ஏறி முன்னாடி ஒக்காருங்க. ஆரணி வரைக்கும் போலாம். முள்ளு செவப்பத் தொட்டா அங்கயே வண்டிய இந்தக் காயலான்கடைக்காரர்கிட்ட வுட்டுட்டு, நான் பஸ்ஸுல ஊட்டுக்கு வர்றேன்."

வஹாப் தம்பியைப் பார்த்தார். தம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

ஏறினார்கள். பகல் வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. தட்டுகள் நிறையத் துணி, பின்னால் சைதாவும் காயலான்கடைக்காரரும். மீஞ்சூர் தாண்டியது. பொன்னேரி வந்தது. வஹாபின் கண் முள்ளை விட்டு அகலவில்லை. வழக்கமாக வண்டியை நிறுத்தி ஆறவிடும் புளியமரத்தடி பக்கவாட்டில் பாய்ந்து பின்னால் போனது. முள் பாதியில் நின்றது. அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. முள் அசையவில்லை. வஹாப் வட்டத்தின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தட்டாதீங்க காக்கா, அது மெய்யத்தான் சொல்லும்" என்று அண்ணனிடம் சொன்னான் ஹனீப்.

ஆரணிக் கடைத்தெரு வந்ததும் காயலான்கடைக்காரர் இறங்கிக்கொண்டார். "இத ஒடைக்கறதா? பாவம் சார். நான் பஸ்ஸப் புடிச்சுப் போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஹனீப் வண்டியைத் திருப்பப் போனான். பின்னாலிருந்து சைதா தடுப்புப் பலகையைத் தட்டினாள்.

"திருப்பாதீங்க! கவரைப்பேட்டைக்கு வுடுங்க, பெரிய ரோட்டப் புடிங்க. அன்னிக்குப் பாதி வழியிலயே திரும்பி வந்துட்டமே, அந்தக் கும்மிடிப்பூண்டிக்கு இன்னிக்குப் போயே தீரணும்."

"நான் ஊட்டுக்குப் போவணும்மா" என்றார் வஹாப்.

"போலாம் பெரிய மச்சான். முள்ளு செவப்புக்கு வரட்டும், ஒடனே திரும்பிடலாம்."

வஹாப் முள்ளைப் பார்த்தார், அது பாதியிலேயே நின்றது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹனீப் கியரை மாற்றினான். பெரிய ரோடு நேராகத் திறந்து கிடந்தது. சைதா பக்கவாட்டு ஜன்னலைத் தள்ளித் திறந்து, முகத்தில் அடித்த காற்றில் முக்காடு பறக்கப் பறக்க, வாய்விட்டுச் சிரித்தாள்.