அமெரிக்காக்காரன் என்ன சொன்னான்

“போன் என்னத்துக்கு வச்சிருக்கிய? அழகு பாக்கவா?”

செருப்பைக் கழற்றும் முன்பே வடிவு அத்தை கேட்டுவிட்டாள். தாராவியில் பஸ் ஏறும்போதே அவிழ்த்துவிட்ட தலைமுடி வழியெல்லாம் காற்றில் பறந்து முகத்தில் ஒட்டியிருந்தது. கூடவே அவள் தெருப் பெண்கள் சிலர். சோபாவை ஓரம் தள்ளிவிட்டு ஹால் நடுவில் கிடத்தியிருந்த அண்ணன் மாடசாமியின் கால்களைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்துக்கே வந்தாள்.

“ஷ்யாம் சேதி சொல்லிவிட்டான், அப்பாவுக்கு ரொம்ப முடியலன்னு. மைனிகிட்ட ஒரு வார்த்த கேப்போம்னு பூத்துல நின்னு போடுதேன், போடுதேன்… டொய்ங் டொய்ங்னு அதே சத்தம். மனுசன் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது அப்படி யாருகிட்டம்மா பேசிட்டு இருந்திய?”

சுவரோரம் மாடசாமியின் மகள் வைஷாலி நின்றிருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

அவள் அண்ணன் ஷ்யாம் தலையைத் தூக்காமல் சொன்னான். “எனக்கும் கெடைக்கல அத்த. எத்தன தடவ போட்டேன்! அப்பா அம்மாவத்தான் கேட்டாரு. ‘அவள வரச்சொல்லுல’ன்னாரு. கடைசியில கீழ்வீட்டு ஜோஷி காகுவுக்குப் போட்டேன். அவங்க மாடியேறிச் சொல்லி, இவங்க ரிக்‌ஷா புடிச்சு வாரதுக்குள்ள…”

முடிக்கவில்லை. வைஷாலி வாயைத் திறந்தாள்.

“நாந்தான்” என்றாள் அம்மா.

மாடசாமியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள், அதுவரை யாரிடமும் பேசியிருக்கவில்லை, அழவும் இல்லை. “ரிசீவர எடுத்துக் கீழ வச்சிட்டேன். ராத்திரி பூரா முழிப்பு. செத்த கண்ணசருவோம்னு எடுத்து வச்சேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்.”

“நல்லா அசந்திய மைனி!” என்றாள் அத்தை. “கட்டுன புருசன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கெடக்காவ, ஒங்களுக்கு ஒறக்கம் கேக்குது!”

“ஆமா” என்றாள் அம்மா. அவ்வளவுதான். விலகியிருந்த வேட்டி நுனியை இழுத்து அவர் பாதத்தை மூடினாள்.

அம்மா காலையில் கண்ணசரவே இல்லை. வைஷாலிக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, அம்மா அடுப்படியில் அப்பாவுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னுமா தொறக்கல? ஒங்க அமெரிக்காக்காரன் கதவு அம்புட்டு கனமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு டெலிபோன் லைன். அதில் இன்டர்நெட் ஓடினால் போன் வராது. இது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பில் வரும்போதெல்லாம் சண்டை அதற்குத்தானே.

அவளை வீட்டுக்கு அனுப்பியதே அப்பாதான். விடியற்காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போற? அங்க இப்பதான் சாயங்காலம். ஆபீச அடைச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். போறவன் எழுதிப் போட்டுட்டுத்தான் போயிருப்பான். நீ போயிப் பாரு. ஒங்கம்மாவையும் கூட்டிட்டுப் போ, ஷ்யாம் இருக்காம்லா.”

“அப்புறம் பாக்கலாம்ப்பா.”

“அப்புறம் என்ன அப்புறம்? அமெரிக்காக்காரன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாண்டாமா?”

வைஷாலி எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். அமெரிக்காவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, 2000 பிறந்ததிலிருந்து காத்திருந்தாள். காத்திருந்தாள் என்பது சரியில்லை. காத்திருந்தவர் மாடசாமி. கிர்க்கி என்றும் சொல்கிற கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ரிட்டயராகி சாங்வியில் இந்த ஃப்ளாட்டை வாங்கிய நாளிலிருந்து அவருக்கு வேறு வேலையும் இல்லை. போஸ்ட்மேன் வரும் நேரத்துக்குக் குடியிருப்பு சொசைட்டி கேட்டில் போய் நிற்பார். கவரைக் கையில் வாங்கி, மருந்துப் பொட்டலம் நிறுக்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். கனமான கவர் என்றால் வா என்று அர்த்தம், மெலிந்த கவர் என்றால் வராதே என்று அர்த்தம். அதை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வந்ததெல்லாம் மெலிந்தவை. “இது வேண்டாம் பாவு, திருப்பிக் கொண்டுபோ. கனமா ஒண்ணு வரும், அதக் கொண்டா” என்று போஸ்ட்மேனிடம் இந்தியில் சொல்லிவிட்டு, மெலிந்த கவரைக் கொஞ்ச நேரம் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். மகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வெளியே எடுப்பார். “இவனுக்குக் குடுத்து வைக்கல” என்பார். ஒரு நாளும், உனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னதில்லை.

இப்போது ஷ்யாம் எழுந்து உள்ளே போனான். வைஷாலியும் பின்னாலேயே போனாள். அறையில் கம்ப்யூட்டர் திரை இருட்டிக் கிடந்தது. போனிலிருந்து பிடுங்கிய ஒயர் இன்னும் மோடத்தில்தான் செருகியிருந்தது. அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஷ்யாம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தாதா…” என்றாள். மராத்திப் பிள்ளைகளோடு வளர்ந்த பழக்கத்தில் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவன் குனிந்து ஒயரைப் பிடுங்கினான். போனை எடுத்து வந்து அதில் செருகினான். செருகின கையோடு மணி அடித்தது. தொழிற்சாலை யூனியனிலிருந்து யாரோ. “ஹாங் ஜி… ஹாங் ஜி… தீன் பஜே” என்று, மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லி வைத்தான். அவளைப் பார்க்காமலே வெளியே போனான்.

ஹாலில் அத்தை அடுத்த பேச்சுக்கு வந்திருந்தாள். துக்க வீட்டில் பேசி முடிவு செய்யவேண்டியதை அன்றைக்கே பேசிவிட வேண்டும் என்பது அவள் கட்சி.

“கன்னி கழியாத பிள்ள இருக்க வீடு. வருசம் திரும்புறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிரணும். இல்லாட்டா இழுத்துக்கிட்டே போவும். என் கொழுந்தன் மவன் இருக்கான், ரயில்வேயில. அமெரிக்கா கிமெரிக்கான்னு அண்ணன் சும்மா செல்லங் குடுத்தாவ. இனி எவன் பாப்பான்? என்ன ஷ்யாம், நாஞ் சொல்லுதது?”

ஷ்யாம் “பாக்கலாம் அத்த” என்றான். மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அது வைஷாலிக்குக் கேட்டது. அந்தக் கணத்தில் அத்தை சொல்வதே நியாயம் என்றும் பட்டது. அப்பா கேட்ட ஆளை அவர் பக்கத்தில் போகவிடாமல் அடித்தவளுக்கு இனி என்ன படிப்பு?

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்க. வைஷாலி போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

“நீ ஏன் அப்படிச் சொன்ன? நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்.”

“அந்தக் கிண்ணத்த எடு.”

“உன்னத்தான பேசுறாங்க!”

“என்னப் பேசுனா பேசிட்டுப் போறா. நாளைக்கு வேற பேச்சு வரும். ஒன்னப் பேசுனா அது ஆயுசுக்கும் ஒம் மண்டைக்குள்ள நிக்கும். கிண்ணத்த எடுட்டி.”

“அப்பா உன்னத்தான் கேட்டாராம்மா.”

அரிசி டப்பாவுக்குள் போன அம்மாவின் கை அங்கேயே நின்றது. ஜன்னல் வழியே கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின்பக்கமாக வா, பின்பக்கமாக வா என்று யாரோ மராத்தியில் கத்தினார்கள்.

“கேட்டிருப்பாவ” என்றாள் அம்மா. கை நிறைய அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பாமலே, “என்ன எழுதிருந்தான்?” என்றாள்.

“யாரு?”

“அமெரிக்காக்காரன்.”

அந்த மெயில் முழுசாகத் திறந்து, வைஷாலி இரண்டாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜோஷி காகு கதவைத் தட்டினாள். இவ்வளவு நேரமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாத அசிங்கம் போல வைத்திருந்தாள்.

“வரச் சொல்லியிருக்கான். ஃபீஸ் கெடயாது. செலவுக்கும் அவங்களே குடுப்பாங்க.”

“எப்ப?”

“ஆகஸ்ட்ல. நான் போகலம்மா.”

“ஆவணி” என்றாள் அம்மா, தனக்குத்தானே. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வண்டி வந்துவிட்டது என்று ஆண்கள் மாடியேறி வந்தார்கள். குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கோடித்துணி போர்த்தியாயிற்று. பேசினது போதாதென்று அத்தைக்கு இன்னொரு குறையும் இருந்தது.

“ஒரு சொல்லு சொல்லி அழல பாரேன் இந்த மைனி! கல்லு மாதிரி இருக்கா. எங்கண்ணன் ஒப்பாரி இல்லாமப் போற அனாதையா?”

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு மாடசாமி தலைமாட்டில் மண்டியிட்டு, முந்தானையை வாயில் பொத்தி எடுத்தாள். அந்த ஃப்ளாட்டில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் எழும்பியது. வாசலில் நின்ற சொசைட்டி மனிதர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“கிர்க்கி சங்கு ஊதயில
கெளம்பிப் போன மகராசா…
சங்கு இன்னும் ஊதுதே
சைக்கிள் எங்க விட்டீய…”

தாராவிப் பெண்கள் சட்டென்று வந்து வட்டம் கட்டினார்கள். தோளில் கை போட்டுத் தலை சாய்த்து, ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் வாங்கி இழுத்தார்கள். முதல் ஆள் வடிவு அத்தை. ஒருத்தி சொல்லி அழுதால் மற்றவள் வாங்கி அழுதே ஆகவேண்டும். மறுத்துப் பேச அங்கே இடம் கிடையாது.

“கேட்டு வாசல் காத்தீயளே
கெழட்டுப் பிள்ள போலத்தான்
கனத்த கவரு வாருமின்னு
கையில் எடை பாத்தீயளே…

கேட்ட சேதி வந்துட்டே
கேக்க நீங்க காணலையே
ஒங்க மவ படிச்ச படிப்ப
ஊரு தாண்டி மெச்சிட்டானே…”

“மெச்சிட்டானே” என்று இழுத்த அத்தையின் குரல் பாதியில் தடுக்கியது. கண்ணைத் திறந்து வைஷாலியைப் பார்த்தாள். அதற்குள் அம்மா அடுத்த அடிக்குப் போய்விட்டாள்.

“காசு பணம் கேக்கலையாம்
கையப் புடிச்சு அழைக்கானாம்
ஆவணி பொறக்கயில
அவ அங்க போவாளே…

அண்ணன் போயி வழியனுப்ப
ஆகாசத்துல போவாளே
நீங்க நெனச்ச நெனப்புக்கு
நான் இருக்கேன், போங்கய்யா…”

“போவாளே… போவாளே…” வட்டம் முழுக்க வாங்கி அழுதது. அத்தையும்தான். அழ அழ அவளுக்கு நிஜமாகவே அழுகை பெருகிவிட்டது. ரயில்வே மாப்பிள்ளையை மறந்து, “போவாளே என் தாயி” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

வைஷாலியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த ஜோஷி காகு மெல்ல மராத்தியில் கேட்டாள். “என்ன சொல்றாங்க உங்க ஆயி?”

“அப்பாகிட்ட சொல்றாங்க” என்றாள் வைஷாலி. “எனக்கு அட்மிஷன் கெடச்சிடுச்சுன்னு சொல்றாங்க.” சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அறை வாசலில் ஷ்யாம் நிற்பது தெரிந்தது. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பாட்டை நிறுத்தி, அவனிடம் கிண்ணத்தை நீட்டினாள். “போடுய்யா. மொதல்ல நீ போடு. அப்புறம் தங்கச்சி கையப் புடிச்சுப் போட வையி.”

ஊரில் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் பிறகுதான் போடுவார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஷ்யாம் போட்டான். பிறகு கையை நீட்டி வைஷாலியின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி வலித்தது.

பெண்கள் மாடிப்படி வரைதான் போனார்கள். வண்டி கிளம்பிய பிறகு ஹாலைக் கழுவிவிட்டு, ஒவ்வொருவராகக் குளித்தார்கள். குளித்துவிட்டு வந்த அம்மா சுவரில் சாய்ந்தாள். அப்படியே உட்கார்ந்தபடி, தலை துவண்டு தூங்கிப்போனாள். “பாவம், ஒறங்கட்டும்” என்று அத்தை யாரையும் பேசவிடவில்லை.

வெயில் தாழ்ந்து ஷ்யாம் திரும்பி வந்தான். மொட்டைத் தலை, மீசையும் இல்லை. யாரோ தெரியாத பையன் போல இருந்தான். வாசலில் கால் கழுவிவிட்டு, பால்கனியில் போய் உட்கார்ந்தான். ஜோஷி காகு ஃபிளாஸ்கில் கொடுத்தனுப்பிய சாயாவை வைஷாலி கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“தாதா, காலையில…”

“எந்த ஊரு?” என்றான் அவன்.

“ம்?”

“எந்த ஊருல கெடச்சிருக்கு?”

“மினியாபொலிஸ்.”

அவன் சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தான். கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடாமல் சுவரோரம் சும்மா நின்றிருந்தார்கள். முளா ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

“குளுருமா அங்க?”

“ரொம்ப. ஏரியெல்லாம் உறைஞ்சிடுமாம். அது மேல நடந்து போவாங்களாம்.”

“ம்” என்றான்.

குளித்த ஈரம் அவனுடைய மொட்டைத் தலையில் இன்னும் இருந்தது. ஒரு சொட்டு மெல்ல இறங்கிப் பிடரிக்குள் போனது. வைஷாலி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலைமேல் போட்டாள். அவன் அதை எடுக்கவில்லை.